காற்றைப் பிடித்த பீக்கர்

செப்டம்பர் 23, திங்கள்

இன்றும் பச்சைத் தூள்தான். குளத்தில் பாசி படிந்தது போல் பீக்கரின் அடியில் கிடந்தது. கண்ணாடிக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். ஒரு பொட்டு நீலம் இல்லை.

பால்துரை அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏ இசக்கி, கீரைக் கடைசல் ரெடியாட்டி?" என்றார். ஆய்வகமே சிரித்தது. ஆய்வகம் என்றால் எனக்கு முன்பே ஆராய்ச்சியில் சேர்ந்த அவரும் சுபிஜா அக்காவும்தான். அக்கா சிரித்துவிட்டு, "விடும் அண்ணே, பிள்ள மூஞ்சி வாடிப்போச்சு" என்றாள். எனக்கு முகம் வாடவில்லை. சூடாக இருந்தது.

போன வருடம் இதே கரைசலை, இதே ஜன்னலோரம், ஓட்டை போட்ட வடிதாளால் மூடி வைத்தாள் அக்கா. பத்துப் பன்னிரண்டு நீலப் படிகங்கள் விழுந்தன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு செம்பு அணுக்கள், நடுவில் பாலம் போல ஓர் ஆக்சலேட். அதிசயம் என்னவென்றால் கரைசலில் யாரும் ஆக்சலேட் போடவில்லை. செம்பு உப்பு, ஓர் அமீன், மெத்தனால், அவ்வளவுதான். அப்படியானால் ஆக்சலேட் எங்கிருந்து வந்தது?

"காற்றிலிருந்து" என்றார் எங்கள் கைடு சிதம்பரநாதன் சார். காற்றில் இருக்கும் கரியமில வாயுவைச் செம்பு பிடித்து, இரண்டிரண்டாக இணைத்து ஆக்சலேட் ஆக்கிவிட்டது என்கிறார். உலகமே அந்த வாயுவை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும்போது, எங்கள் ஜன்னலோரத்தில் ஒரு பீக்கர் அதைச் சும்மா பிடித்துப் போட்டிருக்கிறது. அன்றிலிருந்து துறையில் அக்காவுக்குப் பெயர், 'காற்றைப் பிடித்த பொண்ணு'.

அதற்குப் பிறகு யாருக்கும் நீலம் விழவில்லை, அக்காவுக்கும்கூட. இப்போது காந்த அளவீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அவளுக்கு ஆய்வேடு எழுதும் வேலை இருப்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

"படிகம் வளக்கதுக்கு கைராசி வேணும்" என்கிறார் பால்துரை அண்ணன். எனக்கு இல்லை என்பது துறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மழை வருவது போல் இருந்தது. வரவில்லை. துணியும் காயவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

அப்பா போனில் பேசினார். தண்ணீர் லாரியை நிரப்பப் போட்டுவிட்டுப் பேசியிருப்பார், மோட்டார் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"என்னத்தட்டி செய்யுத அங்க? தெருவுல கேக்காங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

"ரெண்டு செம்பு இருக்குப்பா. நடுவுல ஒரு பாலம்..."

"செம்புக்கு எதுக்குப் பாலம்? தண்ணி மோந்து குடிக்கவா?"

அந்தச் செம்பு இல்லை, உலோகச் செம்பு என்றேன். ஒவ்வொரு செம்பு அணுவிலும் ஜோடி இல்லாத எலெக்ட்ரான் ஒன்று இருக்கும், அது குட்டிக் காந்தம் மாதிரி என்றேன். பாலம் இல்லையென்றால் அதது தன் போக்கில் இருக்கும். பாலம் இருந்தால் ஒன்றுக்கொன்று தெரிந்துவிடும். குளிரக் குளிர ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கும், இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். அதை வரைபடமாகப் போட்டால் கோடு இறங்கும். பாலம் இல்லையென்றால் கோடு நேராகவே போகும்.

மோட்டார் சத்தத்தை மீறி அப்பா குரலை உயர்த்தினார். "புருசன் பொண்டாட்டி சண்ட மாதிரின்னு சொல்லு" என்றார். பிறகு, "டேங்கர் நெறஞ்சிட்டு. வச்சிருதேன் தாயி."

வீட்டில் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அக்கா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். குரலைக்கூட அவளைப் போல ஆக்கிக்கொண்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 3, வியாழன்

இளங்கலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கும் முறை இந்த ஆண்டு எனக்கு. போன ஆண்டு அக்காவுக்கு. பர்மாங்கனேட் டைட்ரேஷன், அதாவது ஆக்சாலிக் அமிலத்தில் பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றதும் குரல் வரவில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டிச் சமாளித்தேன். பின்வரிசையில் ஒருவன், "மேடம், சவுண்டு வரல, சப்டைட்டில் மட்டும் வருது" என்றான்.

வகுப்பு முடிந்தபோது பீக்கர்களில் எல்லாம் பழுப்புக் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. அந்தப் பக்கம் வந்த அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, "எதுக்குட்டி நகத்தக் கெடுக்க? மிச்சம் கெடக்க ஆக்சாலிக் ஆசிட ஊத்தி வையி மக்ளே. தானா போவும். போன வருசம் முழுக்க நான் அப்படித்தான செஞ்சேன்" என்றாள்.

ஊற்றியதும் கறை கரைந்து கண்ணாடி பளிச்சென்று ஆனது. பார்க்கவே ஆசையாக இருந்தது. மேலே எங்கள் ஆய்வகத்தில் பீக்கர் பற்றாக்குறை. நான்கை எடுத்துக்கொண்டு வந்தேன். குழாயில் நூல் போல வந்த தண்ணீரும் நின்றுவிட்டது. இருந்ததில் ஒரு முறை அலசி, உலர்த்தி, புதிதாகக் கரைசல் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன்.

அக்கா "மக்ளே" என்று சொல்லும்போது அதில் ஒரு "க" பாதிதான் இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் எல்லோரும் அப்படித்தானாம். எங்கள் ஊரில் அப்படி யாரும் அழைப்பதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஆய்வகத்தைக் கழுவி, தராசுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். சார் பட்டு வேட்டியில் வந்தார். சித்திரையில் ஓய்வு பெறுகிறார், இதுதான் அவருக்குக் கடைசி பூஜை. அலமாரியைத் திறந்து அக்காவின் பீக்கரை அவரே எடுத்தார். நீலம் விழுந்த அந்தப் பீக்கரை அதன் பிறகு யாரும் உபயோகிப்பதில்லை. ராசியான பீக்கர். அதற்கும் ஒரு பொட்டு வைத்து, முன்னால் பொரியும் கடலையும் படைத்தார்.

"சார், நான் வேதக்காரி. என் பீக்கருக்குப் பொட்டா?" என்றாள் அக்கா.

"பீக்கர் எந்த மதம்னு அதுகிட்டயே கேளும்மா" என்றார் சார். எல்லோரும் சிரித்தோம். சார் நல்லவர். கோபம் வந்தால்கூட முதலில் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

அக்காவுக்கு ஜப்பானில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. கரியமில வாயுவில் வேலை செய்யும் பெரிய ஆய்வகம். இந்தக் கண்டுபிடிப்பைக் கேள்விப்பட்டுக் கூப்பிடுகிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் போகலாம். அவள் மகள் நாகர்கோவிலில் அம்மாச்சியிடம் வளர்கிறாள். அந்தக் குழந்தைக்குப் பனி பார்க்க வேண்டுமாம்.

எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. பொரி நிறையத் தின்றதால் வயிறு சரியில்லை.

அக்டோபர் 14, திங்கள்

நீலம்.

நான்கு பீக்கரிலும். பச்சைத் தூளுக்கு நடுவே, ஓரங்களில், கண்ணாடிச் சில்லு மாதிரி நீலத் தகடுகள். முதலில் யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒளியைத் திருப்பினால் ஒரு கணம் அணைந்து மறுபடி எரிகிறது. நல்ல படிகத்துக்கு அதுதான் அடையாளம்.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பாத்தியா? ஒனக்கும் கைராசி வந்தாச்சு மக்ளே!" பால்துரை அண்ணன் கேன்டீனில் இருந்து வடை வாங்கி வந்தார். "கீரைக் கடைசல்ல ரத்தினம் எடுத்துட்டா" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

சார் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இசக்கியம்மாள்" என்றார். முழுப் பெயரையும் அவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் முறை. "இனி ஒருத்தனும் தற்செயல்னு சொல்ல முடியாது. வேற ஒரு கை, அதே முடிவு. கட்டுரையில உன் பேரும் வரும்."

நீலம் கொஞ்சம், பச்சை நிறைய என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பச்சையும் அதுதாம்மா. பொடியா விழுந்தா நிறம் மாறித் தெரியும். எல்லாத்தையும் சேர்த்து அரைச்சுச் சென்னைக்கு அனுப்பு. காந்தம் அளக்கட்டும்" என்றார். அரைத்து அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

அப்பாவிடம் சொன்னேன். என் பெயர் அச்சில் வருமா என்று மூன்று தடவை கேட்டார்.

அக்டோபர் 17, வியாழன்

வகுப்பு. பர்மாங்கனேட். பீக்கர் கழுவும்போது ஒன்று தோன்றியது.

தோன்றியதை எழுத வேண்டாம்.

அக்டோபர் 18, வெள்ளி

போர்வையை ஊறவைத்துத் துவைத்தேன். மெஸ்ஸில் புளியோதரை. சுடிதாருக்குப் பட்டன் தைத்தேன். நகம் வெட்டினேன். வெட்டிய பிறகும் விரல் சும்மா இருக்கவில்லை.

ஒரு முறைதான் அலசினேன். அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

தண்ணீர் இல்லாதது என் தவறு இல்லை. ஒரு முறை அலசினாலும் அலசியதுதான். அந்த அமிலம் கண்ணாடியில் ஒட்டியிருந்தாலும் எவ்வளவு இருக்கும்? தூசி அளவு. அந்தத் தூசி அளவில் எத்தனை படிகம் வரும் என்று நாளிதழ் ஓரத்தில் கணக்குப் போட்டேன். வந்ததும் அத்தனைதான். கணக்கில் எங்காவது தப்பு இருக்கும்.

அக்டோபர் 25, வெள்ளி

சென்னையில் இருந்து காந்த அளவீடு வந்துவிட்டது. அறை வெப்பத்தில் தொடங்கி, உறைபனிக்கும் கீழே, இனி குளிரவே முடியாது என்கிற இடம் வரை. கோடு நேராகப் போகிறது. மேசைமேல் வைத்த அடிக்கோல் மாதிரி, இறங்கவே இல்லை.

படிக அமைப்பின்படி இரண்டு செம்பும் ஆக்சலேட்டும் ஒரே தளத்தில் படுத்திருக்கின்றன. அப்படிப் படுத்திருந்தால் செம்பு இரண்டுக்கும் நடுவே பேச்சு பலமாக இருக்க வேண்டும், கோடு சரசரவென்று இறங்க வேண்டும். இதிலோ அதது தன் போக்கில் இருக்கிறது. நாங்கள் அனுப்பிய தூளில் பாலமே இல்லை, அல்லது உப்புக்கல் அளவுதான் இருக்கிறது. பச்சை வேறு, நீலம் வேறு.

அக்கா வரைபடத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தாள். "ஒனக்கு என்ன தோணுதுட்டி?" என்று என்னைக் கேட்டாள்.

அப்போது சொல்லியிருக்கலாம்.

"தெரியலக்கா" என்றேன்.

சார் கண்ணாடியைத் துடைத்தார். "ஈரம் பட்டுக் கெட்டுப்போயிருக்கும். கலப்பு இருக்குன்னு ஒரு எண் போட்டா சரியாயிடும்" என்றார். எல்லோரும் அப்படி ஓர் எண் போடுவது உண்டு. நூற்றில் ஒன்று, இரண்டு என்று போடுவார்கள். இங்கே போட்டால் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் போட வேண்டும். பால்துரை அண்ணன் முணுமுணுத்தார்: "பாலுல தண்ணி கலந்தா பால்காரன். தண்ணியில பாலு கலந்தா அவன் யாரு?"

யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

அக்கா தீபாவளி விடுமுறைக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டாள். மூன்று பீக்கர் வைத்தேன். ஒன்று ஸ்டோரில் இருந்து புதிது, அட்டைப்பெட்டி பிரிக்காதது. இன்னொன்று வகுப்பில் கறை போக்கியது, ஒரு முறை அலசியது. மூன்றாவதும் புதிதுதான், ஆனால் அதில் ஆக்சாலிக் அமிலம் ஒரு சிட்டிகை நானே போட்டேன். ஆக்சலேட் என்பது அந்த அமிலத்தில் இருந்து வருவதுதான்.

மூன்றாவது காத்திருக்கவே இல்லை. போட்ட மாத்திரத்தில் பால் திரிந்தது போல நீலம் திரண்டு அடியில் இறங்கியது. திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தேன். ஒரு வருடமாக எல்லோரும் ஜன்னலோரம் காத்துக் கிடந்தது இதற்குத்தானா?

மற்ற இரண்டையும் மூடி வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அப்பா தெருவில் ஒவ்வொருவராக நிறுத்தி, "எம் பொண்ணு காத்தப் புடிக்கா" என்று சொல்கிறார். அது நான் இல்லை, அக்கா என்றேன். "நீயும்தான புடிச்ச?" என்றார். சாத்தூர் அத்தை, "காத்தப் புடிச்சு என்னட்டி செய்யப் போற, பலூன்ல அடைக்கவா?" என்றாள். கடித்த அதிரசத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

நவம்பர் 4, திங்கள்

பஸ் நிலையத்தில் இருந்து நேராக ஆய்வகத்துக்குப் போனேன். பையைக்கூட இறக்கவில்லை.

புதிய பீக்கரில் பச்சை மட்டும்.

கழுவியதில் பச்சையும், ஓரத்தில் நீலமும்.

இரண்டு பீக்கருக்கும் ஒரே காற்றுதான்.

இதில் மகிழ என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வாசல் கடையில் பரோட்டா சாப்பிட்டேன். இரண்டு வைத்தார்கள், போதவில்லை என்று இன்னும் ஒன்று வாங்கினேன். வரும் வழியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், விடுதி வாசலில்தான் கவனித்தேன். நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

அக்கா வந்துவிட்டாள். அவள் மகள் எனக்கென்று முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டிருக்கிறாள். இன்று சொல்லவில்லை.

நவம்பர் 6, புதன்

இன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அவள் ஜப்பான் போவாள், நான் கட்டுரையில் இருப்பேன், சார் நிம்மதியாக ஓய்வு பெறுவார். யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த ஜப்பான்காரர்கள் இதையே செய்து பார்ப்பார்கள். அவர்களுடைய பீக்கர்கள் சுத்தமாக இருக்கும். பச்சைதான் விழும். அவர்கள் நடுவில் அக்கா நிற்பாள், அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது.

நவம்பர் 7, வியாழன்

சொல்ல வாய் வரவில்லை. மூன்று பீக்கரையும் கொண்டுபோய் அக்காவின் மேசையில் வரிசையாக வைத்தேன். பால்துரை அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார்.

தட்டச்சுவதை நிறுத்தினாள். "இது?"

"புது பீக்கர்க்கா."

"இது?"

"பிராக்டிகல் வகுப்புல கழுவுனது. நீங்க சொன்ன மாதிரி."

மூன்றாவதைக் கையில் எடுத்தாள். அடியில் விரல் தடிமனுக்கு நீலம். "இது?"

"ஒரு சிட்டிகை போட்டேன்."

பீக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆக்சாலிக் ஆசிடாக்கும்" என்றாள் மெதுவாக, தனக்குத்தானே. "போன வருசம் நானும் வகுப்பு பீக்கரத்தான் எடுத்தேன். பொறவு ஸ்டோர்ல புதுசு குடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் விழல." பிறகு என் பக்கம் திரும்பி, "யார்ட்ட சொன்ன?"

"யார்ட்டயும் இல்ல."

"சார்ட்ட?"

"அவர் முன்னால எனக்குப் பேச்சு வராதுக்கா."

"எனக்க முன்னால மட்டும் வந்துட்டு, இல்லியா?" பீக்கரை மேசைமேல் வைத்தாள். கொஞ்சம் சத்தமாக. "எப்ப தெரியும் ஒனக்கு?"

பதினேழாம் தேதி என்று சொல்லவில்லை. "தீபாவளிக்கு முன்னால" என்றேன்.

"சந்தோசமாடி?"

"இல்லக்கா."

"செரி. போ."

எனக்கு அழுகை வரவில்லை. வகுப்புக்குப் போனேன். இன்றைக்குக் குரல் வந்தது. அதுதான் ஏனென்று புரியவில்லை.

நவம்பர் 9, சனி

அக்கா பேசவில்லை. ஒரே மேசை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் ஜன்னலைப் பார்த்தால் அவள் கதவைப் பார்க்கிறாள். அப்பா சொன்ன புருசன் பொண்டாட்டி சண்டை நினைவுக்கு வந்தது.

நவம்பர் 11, திங்கள்

கையெழுத்து வாங்க சார் அறைக்குப் போனேன். உள்ளே அக்காவின் குரல் கேட்டது. வெளியே நின்றேன்.

"...கட்டுரைய நிறுத்தி வைங்க சார். வியாழக்கிழம பேசும்போது இந்த ஒரு ஸ்லைடு மட்டுமாவது எடுத்துருதேன்."

"முப்பது வருஷமா ஆக்சலேட் பாலம், ஆக்சலேட் பாலம்னு கிடந்திருக்கேன் சுபிஜா. கடைசியில ஒண்ணு கிடைச்சது. அதைக் கழுவாத பீக்கர்னு சொல்லச் சொல்றியா?"

"கழுவுன பீக்கரு சார். அதாக்கும் பிரச்சினையே."

அவர் சத்தம் போடவில்லை. துணியால் கண்ணாடி துடைக்கும் சத்தம்கூடக் கேட்டது போல் இருந்தது. "வெளியே இருந்து நிபுணர் வர்றார். இப்ப மாத்தினா உனக்கு ஆறு மாசம் போயிடும். ஜப்பானும் போயிடும். நான் இருக்கவும் மாட்டேன். ஒரு ஸ்லைடும் மாற வேண்டாம். சமர்ப்பிச்சிட்டு அப்புறம் பார்ப்போம்."

வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள். ஒதுங்கி வழி விட்டேன். "மக்ளே" இல்லை. "நவுரு" என்றுகூட இல்லை.

நவம்பர் 13, புதன்

நாளை அக்காவின் சினாப்சிஸ். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறை முழுவதற்கும் முன்னால் பேச வேண்டும். சமோசா, டீ, கேள்வி மூன்றுக்கும் பால்துரை அண்ணன் பொறுப்பு. கேள்வி என்றால் துண்டுச் சீட்டு. பேசுகிறவர் தனக்குப் பதில் தெரிந்த கேள்விகளாகப் பார்த்து எழுதித் தருவார், ஜூனியர்கள் எழுந்து புதிதாகத் தோன்றியது போல் கேட்போம். வெளியாள் ஏதாவது கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். எல்லாத் துறையிலும் இதுதான் வழக்கம். போன முறை ஒரு பையன் சீட்டில் இருந்த "சிரிக்கவும்" என்பதையும் சேர்த்து வாசித்துவிட்டான்.

இதுவரை நான் சீட்டு வாங்கியதே இல்லை. எழுந்து நிற்க மாட்டேன் என்று தெரிந்து யாரும் தரமாட்டார்கள்.

நவம்பர் 14, வியாழன்

அரங்கு நிறைந்துவிட்டது. நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். பால்துரை அண்ணன் சமோசாப் பொட்டலத்தோடு வந்து என் மடியில் ஒரு சீட்டைப் போட்டார். "சுபிஜா ஒனக்கும் ஒண்ணு குடுக்கச் சொன்னா. ஆச்சரியமா இருக்கு."

நான்காக மடித்திருந்தது. பிரித்தேன். வெள்ளைத் தாள். திருப்பினேன். அந்தப் பக்கமும் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்துப் பெண்ணின் சீட்டில் நான்கு வரி இருந்தது.

கேட்காதே என்கிறாளா? நீ எனக்கு யாருமில்லை என்கிறாளா? பால்துரை அண்ணன் மாற்றிக் கொடுத்துவிட்டாரா? அவள் பேசியது முழுவதும் என் காதில் விழவில்லை. ஒரு ஸ்லைடும் மாறவில்லை. திரையில் நீலப் படிகம் வந்தது. இரண்டு செம்பு, நடுவில் ஆக்சலேட், ஒரு பக்கம் காற்று என்று அம்புக்குறி. காற்றிலிருந்து வந்தது என்று அவள் வாயால் சொல்லவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். அந்த ஸ்லைடில் அவள் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் அதைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

கேள்விகள் தொடங்கின. முதல் சீட்டு, இரண்டாவது சீட்டு. பக்கத்துப் பெண் நான்கு வரியையும் ஒரே மூச்சில் கேட்டாள். நிபுணர் வேறு பல்கலைக்கழகத்துக்காரர், வயதானவர், சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தார். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வேறு யாராவது? இல்லையென்றால் முடித்துக்கொள்வோம்" என்றார்.

அக்கா கடைசி வரிசையைப் பார்த்தாள். தூணைத் தாண்டி.

எழுந்துவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. சமோசாப் பொட்டலம் கீழே விழுந்தது. அரங்கில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. மேடம் என்று தொடங்க வேண்டும், அதுதான் மரபு. வாயில் வேறு வந்தது.

"அக்கா, கரைசல்ல நாம ஆக்சலேட் போடல. அது எங்க இருந்து வந்தது?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். 'அக்கா' என்றதற்கு. சார் என்னைப் பார்த்தார், முழுப் பெயரையும் மறுபடி சொல்வார் போல இருந்தது. சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

அக்கா நீலப் படிகத்தின் ஸ்லைடுக்குத் திரும்பிப் போய், மைக்கைக் கையில் எடுத்தாள். "நல்ல கேள்வி மக்ளே" என்றாள். மைக்கில், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, அந்தப் பாதி "க"வோடு.

பிறகு எழுத்துத் தமிழுக்கு மாறிக்கொண்டாள். "காற்றிலிருந்து வரவில்லை. படிகம் விழுந்த பீக்கரைக் கறை போக ஆக்சாலிக் அமிலத்தால் கழுவியிருந்தேன். அதைக் கழுவியது நான்தான். அமிலம் இல்லாத புதிய பீக்கரில் படிகம் விழாது. வேண்டுமென்றே அமிலம் சேர்த்தால் உடனே விழும். இதைச் செய்து பார்த்துச் சொன்னது இப்போது கேள்வி கேட்ட இசக்கியம்மாள்."

அரங்கத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. நிபுணர் சமோசாவை வைத்துவிட்டார். "அப்போ காத்து கிடையாது" என்றார். "சேர்மம் இருக்குல்ல? அதோட காந்தம் அளந்தீங்களா?"

"கலப்புத் தூளை அளந்தோம் சார். கோடு நேராகப் போனது. தூயதை இனிமேல்தான் அளக்கணும்."

"அளந்துட்டு வாங்க. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடறேன்."

எல்லோரும் கலைந்த பிறகும் சார் திரையில் இருந்த நீலப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே சிதறிக் கிடந்த சமோசாவைப் பொறுக்கினேன். வெளியே அக்காவை யார் யாரோ சூழ்ந்துகொண்டார்கள். என்னால் கிட்டே போக முடியவில்லை. கேள்வியை என்னிடமே விட்டிருந்த வெள்ளைச் சீட்டு கையில் வியர்த்து நைந்துவிட்டது.

நவம்பர் 18, திங்கள்

சார் ஆய்வகத்துக்கு வந்தார். பூஜையன்று பொட்டு வைத்த பீக்கரை அலமாரியில் இருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "வகுப்பு பீக்கர்தானே. வகுப்புக்கே போகட்டும்" என்றார். கோபமா என்று தெரியவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி, "அமிலம் சிட்டிகைக் கணக்கு இல்லை. தராசில் நிறுத்துப் போடு. முறையாகச் செய்" என்றார்.

குங்குமம் காய்ந்து இறுகியிருந்தது. தேய்த்துக் கழுவினேன். இன்று குழாயில் தண்ணீர் வந்தது, பல முறை அலசினேன். வகுப்பு அலமாரியில் மற்றவற்றோடு கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எது அது என்று அடையாளம் தெரியவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

சென்னையில் இருந்து புதிய காந்த அளவீடு வந்துவிட்டது. நீலம் மட்டும், கலப்பு இல்லாமல். சார்தான் தன் பழைய மாணவரிடம் பேசி வரிசையில் முன்னால் வைக்கச் சொல்லியிருக்கிறார், எங்களிடம் அதைச் சொல்லவில்லை. அக்கா மகளுக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போயிருந்தாள். கூப்பிட்டேன். நானாக ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. எடுத்ததும் அவளே பேசினாள்.

"ஜப்பான்காரன் எழுதிட்டான் மக்ளே. இப்ப இடம் இல்லையாம். பிள்ளைக்குப் பனி பாக்கணும்னா ஊட்டிக்குத்தான் கூட்டிட்டுப் போணும்."

அக்டோபர் பதினேழாம் தேதியே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். மூச்சு விடாமல், பாதி வார்த்தைகளை விழுங்கி. பரோட்டா தின்றதையும் சொன்னேன்.

"எத்தன பரோட்டா?"

"மூணு."

"மூணா! அடிப் பாவி." சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அது கெடக்கட்டும். கோடு எப்படி இருக்கு?"

"இறங்குதுக்கா."

"எது வர?"

வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலது ஓரத்தில் உயரமாகத் தொடங்கி, இடது பக்கம் குளிருக்குள் போகப் போகச் சரிந்து, கடைசியில் அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"அடி வரைக்கும் இறங்குது" என்றேன். "ரெண்டும் பேசுது."